பனிக்குடத்தின் நீர்க்கணக்கு: சிசுவுக்கும் பனிநீருக்கும் இடையே நிகழும் நீர்ச் சமநிலை

முன்னுரை

மெல்பர்ன் மாநகரின் மேற்கு எல்லையில் அமைந்த ட்ருகனினா, தாஸ்மானியத் தொல்குடிப் பெண்மணியான ட்ருகனினியின் பெயரைத் தாங்கிய புறநகர் ஆகும். அங்கும் அதனை அடுத்துள்ள டார்னீட், வெரிபி முதலிய இடங்களிலும் தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் வந்த இளங்குடும்பங்கள் பல வாழ்கின்றன. இப்பகுதித் தாய்மார் மகப்பேற்றுக்காக வெரிபி மெர்சி மருத்துவமனையையோ, சன்ஷைனில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜோன் கேர்னர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையையோ நாடுவர். கருவுற்ற பெண்ணொருத்தி அத்தகைய இடத்தில் ஸ்கேன் பரிசோதனைக்குப் பின் கேட்கக்கூடிய சொற்றொடர்களுள் ஒன்று, ‘குழந்தையைச் சுற்றியுள்ள நீர் குறைவாக இருக்கிறது’ என்பது. அந்நீர் எது, எங்கிருந்து வருகிறது, எவ்வழியே போகிறது, அதன் அளவை யார் காக்கிறார் என்னும் வினாக்களுக்குத் தமிழில் ஒழுங்குபட விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விடைகளில் ஒரு பகுதி மெல்பர்னிலும் சிட்னியிலும் கண்டறியப்பட்டது என்பது இம்மண்ணில் வாழும் தமிழர் அறியத்தக்கது.

சொல்லாட்சி

பொருளுள் புகுமுன் சொற்களை வரையறுத்துக்கொள்வது நன்று. சிசுவைச் சூழ்ந்த மென்படலப் பையைத் தமிழ் வழக்கு ‘பனிக்குடம்’ என்றும் ‘பன்னீர்க்குடம்’ என்றும் கூறும். அதிலுள்ள நீர் பனிநீர். பேற்று நோவின்போது ‘பனிக்குடம் உடைந்தது’ என்று இன்றும் எல்லாரும் சொல்வதால், இதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய தேவையில்லை. ஏனைய சொற்கள் அத்துணை எளியனவல்ல. தாய்க்கும் சிசுவுக்கும் இடைநின்று ஊட்டும் உறுப்பைத் தமிழகத்தார் நச்சுக்கொடி என்பர். இலங்கைப் பாடநூல்கள் சூல்வித்தகம் என்னும். முன்னது தொப்புள்கொடியோடு மயங்குதற்கு இடந்தருவதால் இக்கட்டுரை பின்னதை மேற்கொள்கிறது. மறுபுறம், அரைபுகவிடும் படலத்தினூடே நீர் செல்லும் நிகழ்வைத் தமிழகத்தார் சவ்வூடு பரவல் எனவும் இலங்கையார் பிரசாரணம் எனவும் வழங்குவர். இங்கு முன்னதே தெளிவானது. ட்ருகனினாவின் ஒரே தெருவில் இவ்விரு சொற்றொகுதிகளையும் கற்ற தாய்மார் வாழக்கூடும் என்பதை மருத்துவ மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது.

தமிழில் மகப்பேற்று அறிவியல் எழுதுதல் நேற்றுத் தொடங்கிய முயற்சியன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மவுன்செல் எழுதிய மகப்பேற்று நூலை 1857-ஆம் ஆண்டிலேயே தமிழாக்கி வெளியிட்டார். அதற்கும் பல நூற்றாண்டு முன், திருவாசகத்துப் போற்றித் திருவகவல் கருவிலுள்ள உயிர் திங்கள்தோறும் தப்பிவரும் இடர்களை வரிசைப்படுத்தியது. மூன்றாம் திங்களுக்குரிய இடரை நீர்ப்பெருக்காக உரையாசிரியர் சிலர் கொள்வர். அதனை இன்றைய அறிவியலோடு வலிந்து பொருத்துதல் முறையன்று. எனினும், கருவறை நீர் ஓர் அளவில் நிற்க வேண்டிய பொருள் என்னும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று என்ற அளவில் அது குறிக்கத்தக்கது.

நீர் வரும் வழிகள்

கருவுற்ற தொடக்க வாரங்களில் பனிநீர் பெரும்பாலும் தாயின் குருதிநீரிலிருந்தும் கருவின் உடல்நீரிலிருந்தும் படலங்களின் ஊடே கசிந்து வருவதாகும். அப்போது சிசுவின் தோல் தடித்திருப்பதில்லை. நீரும் உப்பும் அதனைத் தடையின்றிக் கடக்கும். ஆகவே தொடக்கப் பனிநீர் சேர்க்கையில் குருதிநீரையே ஒத்திருக்கும். ஐந்தாம், ஆறாம் திங்களில் தோல் தடித்து நீர்புகாத் தன்மை அடைகிறது. அதன்பின் வரவும் செலவும் வேறு வாயில்களுக்கு மாறிவிடுகின்றன.

அவற்றுள் முதன்மையானது சிசுவின் சிறுநீர். இதனைக் கேட்கும் பலர் முகம் சுளிப்பதுண்டு, தேவையில்லை. கழிவுகளை அகற்றும் பணியைக் கருவறையில் சூல்வித்தகமே செய்துவிடுகிறது. எனவே சிசுவின் சிறுநீர் நம்முடையதைப் போன்ற கழிவுநீர் அன்று. உப்பு மிகக் குறைந்த, நீர்த்த நீர்மமே. அதன் அளவோ வியப்புக்குரியது. 1974-இல் விளாடிமிரோஃப், கேம்பெல் என்னும் இருவர் சிசுவின் சிறுநீர்ப்பை நிரம்பும் வேகத்தை மீயொலியால் அளந்து, 30-ஆம் வாரத்தில் மணிக்கு ஏறத்தாழ 10 மில்லிலிட்டரும் 40-ஆம் வாரத்தில் ஏறத்தாழ 27 மில்லிலிட்டரும் சிறுநீர் உண்டாவதாகக் கண்டனர். பின்வந்த அளவீடுகள் இதனினும் மிகுதியான எண்களைத் தந்தன. குறைந்த எண்ணையே கொண்டாலும், நாளொன்றுக்கு 600 மில்லிலிட்டருக்கு மேல் ஆகிறது. மூன்று கிலோகிராம் எடையுள்ள உயிர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு நாளில் சிறுநீராக வெளியிடுகிறது என்பது இதன் பொருள். அறுபது கிலோகிராம் எடையுள்ள பெரியவர் அதே விகிதத்தில் நாளொன்றுக்கு 12 லிட்டர் கழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் வாயில் நுரையீரல். பிறந்தபின் காற்று நிறையும் அவ்வுறுப்பு, கருவறையில் நீர் நிறைந்தது. அதன் உட்படலச் செல்கள் குளோரைடு அயனிகளை உட்புறமாக ஏற்றித் தள்ள, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. பேற்றுக்காலம் நெருங்கும்போது நாளொன்றுக்கு 300 மில்லிலிட்டர் அளவுக்கு இந்நீர் மூச்சுக்குழல் வழியே மேலேறும். அதில் ஏறத்தாழப் பாதியைச் சிசு தொண்டையிலேயே விழுங்கிவிடுவதால் எஞ்சியதே பனிக்குடத்தை அடைகிறது. வாய், மூக்கு ஆகியவற்றின் சுரப்புகளால் வருவது மிகச் சிறிது.

நீர் போகும் வழிகள்

சிசு நீர் குடிக்கிறது. 1937-ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து மருத்துவர் டே ஸ்நோ, பனிநீர் மிகுந்த தாய்மாரின் பனிக்குடத்தில் சாக்கரினைச் செலுத்தி, இனிப்பறிந்த சிசு மிகுதியாகக் குடித்து நீரைக் குறைக்குமா என்று ஆராய்ந்தார். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1963-ஆம் ஆண்டு கருவறைச் சிசுவுக்கே குருதி ஏற்றிப் புகழ்பெற்ற வில்லியம் லைலி, விழுங்கும் சிசுவின் இயல்பை மேலும் விளக்கினார். அச்சிகிச்சையில் அவர் பயன்கொண்டதே சிசு பனிநீரை விழுங்கும் வழக்கத்தைத்தான்: பனிக்குடத்தில் செலுத்திய நிறப்பொருள் சிசுவின் குடலில் சென்று தங்க, எக்ஸ் கதிர்ப் படத்தில் அதன் வயிறு இருக்குமிடம் தெளிவாயிற்று. பேற்றுக்காலத்தை ஒட்டிச் சிசு நாள்தோறும் 500 மில்லிலிட்டருக்குக் குறையாது விழுங்கும் என்பது இன்று ஏற்கப்பட்ட மதிப்பு.

வரவில் சிறுநீரும் நுரையீரல் நீரும், செலவில் விழுங்குதலும் என்று கணக்கிட்டால் வரவே மிஞ்சுகிறது. அம்மிகை எங்கே போகிறது? நெடுங்காலம் இவ்வினா விடையின்றி நின்றது. அமெரிக்க உடலியங்கியலார் ராபர்ட் பிரேஸ் முதலியோர் செம்மறியாட்டுச் சிசுக்களில் நிகழ்த்திய ஆய்வுகள் விடையளித்தன. சூல்வித்தகத்தின் சிசுப்புறத்தைப் பனிக்குடப் படலம் போர்த்தியிருக்கிறது; அதன் அடியில் சிசுவின் குருதி நாளங்கள் பரந்துள்ளன. பனிநீர் அப்படலத்தைக் கடந்து நேரே சிசுவின் குருதியில் கலக்கிறது. நாளொன்றுக்கு 200 முதல் 500 மில்லிலிட்டர் வரை இவ்வாறு உறிஞ்சப்படும் என மதிப்பிடுவர்.

இவ்வழிக்கு உந்துவிசை தருவது செறிவு வேறுபாடு. கருவுற்ற தாயின் குருதிநீரில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 280 மில்லி ஆஸ்மோல் அளவு கரைபொருள் உண்டு. சிசுவின் குருதியும் அதனை ஒட்டியதே. நீர்த்த சிறுநீர் தொடர்ந்து கலப்பதால் முதிர்ந்த பனிநீரில் அது 260-க்கும் கீழே இறங்குகிறது. ஆகவே சவ்வூடு பரவல் நியதிப்படி, நீர் பனிக்குடத்திலிருந்து சிசுவின் குருதியை நோக்கிச் செல்கிறது. பீட்டர் ஆக்ரே கண்டறிந்து 2003-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற நீர்வாயிற் புரதங்கள் இப்படலங்களிலும் உள்ளன. எனினும் செறிவு வேறுபாடு ஒன்றே முழு விளக்கமாகாது. நீரோடு கரைபொருள்களும் சேர்ந்தே கடப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியதால், படலச் செல்கள் நுண்பைகளில் நீரை மொண்டு மறுபுறம் சேர்க்கும் முறையும் இயங்குவதாக இன்று கருதுகின்றனர்.

சமன் செய்வது எது

பனிநீரின் அளவு 10-ஆம் வாரத்தில் 30 மில்லிலிட்டர் அளவில் தொடங்கி, எட்டாம் திங்களில் ஏறத்தாழ 800 மில்லிலிட்டரை எட்டி, பேற்று நாள் கடந்தபின் குறைகிறது. நாள்தோறும் உள்வருவதும் வெளிச்செல்வதும் ஏறத்தாழ ஒரு லிட்டர். குளத்து நீர் முழுவதும் நாளுக்கொருமுறை மாறுவதற்கு ஒப்பானது இது. வரவுக்கும் செலவுக்கும் நூற்றுக்கு ஐந்து வேறுபாடு நேர்ந்தாலும் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் மிஞ்சும். இருபது நாளில் அளவு இருமடங்குக்கு மேலாகும். பெரும்பாலான கருப்பங்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆதலின் ஏதோவொரு மதகு இயங்குகிறது என்பது தெளிவு.

இம்மதகு எது என்பதில் மெல்பர்னின் பங்களிப்பு பெரிது. ஹோவர்ட் ஃப்ளோரி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மேரலின் வின்டர், செம்மறியாட்டுச் சிசுவின் நீர்ச் சமநிலையையும் சிறுநீரக, இயக்குநீர்ச் செயல்களையும் பல்லாண்டு ஆராய்ந்தார். பனிநீரின் அளவும் சேர்க்கையும் ஒழுங்குபடும் முறை குறித்து அவர் குழுவினர் 1978-இல் எழுதினர். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் யூஜினி லம்பர்ஸ், சிசுவின் சிறுநீரக இயக்கத்தைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். ஆஸ்திரேலியாவில் செம்மறியாட்டுக்குக் குறைவில்லை என்பது இத்துறை இங்கு செழித்தற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் ஆட்டிலிருந்து மனிதனுக்குத் தாவுமுன் ஒரு வேறுபாட்டை எண்ண வேண்டும். ஆட்டுச் சிசுவின் சிறுநீர் பனிக்குடத்துக்கு மட்டுமன்றி, தொப்புள்வழியே அலன்டாய் என்னும் மற்றொரு பைக்கும் செல்கிறது. மனிதரில் அப்பை பெயரளவில் தோன்றி மறைகிறது.

ஆட்டுச் சிசுவின் உணவுக்குழலைக் கட்டி விழுங்குதலைத் தடுத்தபோதும், எதிர்பார்த்தபடி பனிநீர் பெருகிக்கொண்டே போகவில்லை. படலவழி உறிஞ்சுதல் கூடி அதனை ஈடுசெய்தது. எனவே விழுங்குதலைக் காட்டிலும் படலவழி உறிஞ்சுதலே அளவை நிறுத்தும் மதகு என்று இன்று பலர் கொள்கின்றனர். மனிதரில் இது முழுமையாகப் பொருந்துவதில்லை. உணவுக்குழல் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாரில் பலருக்குப் பனிநீர் மிகுந்திருத்தலைக் காண்கிறோம்.

சிசுவின் உடல்நீரைக் காப்பது வேறு, பனிநீரைக் காப்பது வேறு என்பதையும் இங்கே கூற வேண்டும். தாய்க்கு நீர் வறட்சி நேர்ந்து அவளது குருதி செறிவுற்றால், நீர் சூல்வித்தகத்தின் வழியே சிசுவிடமிருந்து தாயை நோக்கிச் செல்கிறது. சிசுவின் மூளை வாசோபிரசின் என்னும் இயக்குநீரைச் சுரந்து சிறுநீரைக் குறைக்கிறது. சிசுவின் குருதி காக்கப்படுகிறது. இழப்பு பனிநீர்மீது விழுகிறது. அவ்வகையில் பனிக்குடம் சிசுவின் சேமிப்புக் குளம் எனலாம்.

சிறுநீரகமும் நுரையீரலும்

சிறுநீரகம் இல்லாத சிசு பெரும்பாலும் கருவறையில் இறப்பதில்லை. சூல்வித்தகம் அதன் குருதியைத் தூய்மையாக்கிவிடும். பிறந்தவுடன் மூச்சுவிட இயலாமல் இறக்கிறது. சிறுநீரகமின்மைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? சிக்காகோ நோயியலாளர் எடித் பாட்டர், இரு சிறுநீரகமும் இன்றிப் பிறந்த குழந்தைகளின் முகம், கைகால், நுரையீரல் ஆகியவற்றின் ஒத்த அமைப்பை 1946-இல் விவரித்தார். மோவாய் ஒடுங்கி, காது தாழ்ந்து, மூக்குத் தட்டையாகி, நுரையீரல் சிறுத்திருந்தது. சிறுநீர் இன்மையால் பனிநீர் இல்லை. பனிநீர் இன்மையால் சிசு நெருக்குண்டது.

நுரையீரல் சிறுத்ததன் இயக்கத்தை விளக்கியவர்கள் மெல்பர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஹார்டிங் குழுவினர். நுரையீரல் வளர்வதற்கு அது உள்நீரால் விரிந்தே இருக்க வேண்டும். குரல்வளை அந்நீரை வெளியே வடியவிடாது தடுத்து நிற்கும் வாயில். மூச்சுக்குழலைக் கட்டினால் நுரையீரல் மிகையாக வளர்வதும், நீரை வடித்தால் வளர்ச்சி நிற்பதும் 1977-இல் ஆல்கார்ன் குழுவினரின் ஆட்டுச் சிசு ஆய்வில் காணப்பட்டன. ஹார்டிங், ஹூப்பர், டிக்சன் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பனிநீர் குறையும்போது சிசுவின் முதுகெலும்பு மிகுதியாக வளைகிறது. வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. அவ்வழுத்தத்தால் நுரையீரல் நீர் வெளியேறிவிடுகிறது. விரியாத நுரையீரல் வளராது. பனிநீர் புறத்திருந்து நுரையீரலைப் பிசைவதில்லை. சிசு நிமிர்ந்திருக்க இடந்தந்து உள்நீரைக் காக்கிறது. எளியதாயினும் அழகிய விளக்கம் இது.

இத்தகைய குறையைப் பிறப்புக்கு முன்னரே காணும் ஆற்றலும் இந்நாட்டில் வளர்ந்தது. பொதுநலவாய ஒலியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கோசோஃப், டேவிட் ராபின்சன் ஆகியோர் அமைத்த மீயொலிக் கருவி 1962-ஆம் ஆண்டு சிட்னி பாடிங்டனில் இருந்த அரச மகளிர் மருத்துவமனையில் பணிக்கு வந்தது. அங்கு வில்லியம் காரெட், குருன்வால்ட், ராபின்சன் ஆகிய மூவரும் நீர்க்கட்டிகள் நிறைந்த சிசுச் சிறுநீரகத்தைப் பிறப்புக்கு முன்னரே மீயொலியால் கண்டறிந்து 1970-இல் வெளியிட்டனர். இன்று ட்ருகனினாவில் ஒரு தாய் 20-ஆம் வாரத்தில் செய்துகொள்ளும் ஸ்கேனின் முன்னோடிகளுள் அது ஒன்று.

அறிந்ததால் மட்டும் துயர் தீர்வதில்லை. இரு சிறுநீரகமும் இல்லாத சிசுக்களுக்குப் பனிக்குடத்தில் மீண்டும் மீண்டும் நீர் செலுத்திய அமெரிக்க ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. உயிருடன் பிறந்த 17 குழந்தைகளுள் 14 பேர் இரு வாரம் வாழ்ந்து குருதிச் சுத்திகரிப்புக்கு உரியவராயினர். ஆயினும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் அறுவர். செலுத்திய நீர் நுரையீரலை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. சிறுநீரகமின்றி வாழும் சுமையை அது நீக்கவில்லை. இத்தகைய செய்தியைப் பெற்றோர்க்குக் கூறுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே கூறல் வேண்டும்.

மிகுதியும் குறைவும்

பனிநீர் மிகுதிக்குப் பல காரணங்கள் உண்டு. விழுங்க இயலாத சிசு ஒன்று. குருதிச்சோகையால் இதயம் மிகுதியாக உழைக்கும் சிசு மற்றொன்று. ஒரே சூல்வித்தகத்தைப் பகிரும் இரட்டையருள் ஒருவரின் குருதி மற்றவர்க்குப் பாய்வது இன்னொன்று. இறுதியில் கூறியதில் ஒரு சிசு நீரில் மிதக்க, மற்றது வற்றிய பையில் ஒட்டிக் கிடக்கும். தமிழர்க்கு நெருக்கமான காரணம் கருப்பகால நீரிழிவு. தெற்காசியப் பெண்டிரிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. தாயின் சர்க்கரை சூல்வித்தகத்தைக் கடக்க, சிசுவின் சிறுநீர் மிகுகிறது.

குறைவுக்குப் பனிக்குடக் கசிவு, சூல்வித்தகத்தின் தளர்ச்சி, சிசுவின் சிறுநீர்ப் பாதைக் குறைகள் ஆகியன முதன்மையான காரணங்கள். சில மருந்துகளும் உள. உயர் குருதியழுத்தத்துக்கு வழங்கும் ஏசிஇ தடுப்பான்கள் சிசுவின் சிறுநீரகத்தை முடக்கும். ஐபூப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகளை 20-ஆம் வாரத்துக்குப் பின் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைப்பதால் இச்செய்தி தமிழ் இல்லங்களைச் சேர வேண்டிய ஒன்று.

அளவும் சொல்லும்

ஸ்கேனில் நீரின் முழு அளவை நேரே காண இயலாது. வயிற்றை நான்கு கூறாக்கி, ஒவ்வொன்றிலும் ஆழமான நீர்ப்பகுதியை அளந்து கூட்டும் முறையை ஃபீலன் முதலியோர் 1987-இல் அறிமுகப்படுத்தினர். அக்கூட்டுத்தொகை ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழாயின் குறைவு என்பர். மற்றொரு முறை, மிக ஆழமான ஒரே பகுதியை மட்டும் அளப்பது. இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் வரை இயல்பு. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நான்கு கூறு முறை மிகுதியான பெண்களுக்குக் ‘குறைவு’ என முத்திரையிட்டு, தூண்டிய பிரசவங்களைக் கூட்டியது. குழந்தைகளுக்கு அதனால் நன்மை மிகவில்லை. ஒற்றை ஆழ முறையே விரும்பத்தக்கது என்பது என் கருத்து. எம்முறையால் அளந்தார்கள் என்று கேட்பது தாயின் உரிமை.

‘தண்ணீர் நிறையக் குடி’ என்று வீட்டு மூத்தோர் கூறுவது வெறும் பேச்சன்று. தாய் இரண்டு லிட்டர் நீர் அருந்திய சில மணிநேரத்தில் பனிநீர் அளவு கூடியதை ஆய்வுகள் காட்டின. மேலே கண்ட நியதியே காரணம்: தாயின் குருதி நீர்க்க, நீர் சிசுவை அடைகிறது, சிசுவின் சிறுநீர் மிகுகிறது. ஆனால் உடைந்த பனிக்குடத்தையோ அடைபட்ட சிறுநீர்ப் பாதையையோ குடிநீர் சீராக்காது. நீர் குறைந்த காரணம் அறியப்படுமுன் குடிநீரை மருந்தாகக் கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுதல் இடருக்கு இடமாகும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு சொல். தமிழில் ‘நீர் குறைவு’ எனில் உடல் வறட்சி என்றும், ‘நீர் அதிகம்’ எனில் கால்வீக்கம் என்றும் கேட்பவர் பொருள் கொள்வது இயல்பே. ‘கால் நீர்கோத்திருக்கிறது’ என்பது நம் அன்றாட வழக்கு. பனிநீர் என்று பெயரிட்டுச் சொல்லி, அது பெரிதும் குழந்தையின் சிறுநீரே என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அம்மயக்கம் எழாது; குழந்தையின் சிறுநீரகத்தை மருத்துவர் ஏன் மீண்டும் மீண்டும் பார்க்கிறார் என்பதும் அத்தாய்க்கு அப்போதே விளங்கிவிடும்.